பாலத்துக்கு இந்தப் பக்கம்

என் அப்பா தன்னுடைய நாற்பத்திரண்டாம் வயதில், ஓர் எழுத்துகூடத் தெரியாத ஜப்பானிய மொழியில், ஏறக்குறைய இரண்டு மாதம் வீடியோ கேம் விளையாடினார். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் இன்றும் நம்ப ஆளில்லை. நம்பக்கூடிய ஒரே ஆள் என் பெரியப்பா. அவர் நேரில் பார்த்தவர். பார்த்துவிட்டு, தம்பிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சீர்காழியில் ஒரு டாக்டரைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தவர்.

அந்த கேம் எனக்காகத்தான் வீட்டுக்கு வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தார். நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தவர், தைலம், சாக்லேட், அம்மாவுக்கு ஒரு புடவை இவற்றோடு, பழைய சாமான் கடையில் வாங்கிய கையடக்க வீடியோ கேம் ஒன்றையும் கொண்டுவந்தார். சாம்பல் நிறம். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. பின்பக்கம் இரண்டு பென்சில் செல் போட வேண்டும். திரைக்கு வெளிச்சம் கிடையாது. பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் ஏதாவது தெரியும். அதற்கு ஒரே ஒரு கேசட்.

கார் ஓட்டலாம், துப்பாக்கியால் சுடலாம் என்று நம்பிப் போட்டேன். ஒரு ராஜா உட்கார்ந்திருந்தார். எதிரே நான்கு பேர் நின்றார்கள். ராஜா பேசிக்கொண்டே இருந்தார். பேசியது முழுக்கக் கட்டம் கட்டமாக ஜப்பானிய எழுத்து. மாமாவிடம் காட்டினேன். "கடக்காரன் ரொம்ப நல்ல கேம்னுதான் சொன்னான்" என்றார் மாமா.

அந்த நான்கு பேரையும் ஊருக்கு வெளியே அழைத்துப் போனால் பத்தடிக்குள் திரை படபடவென்று அடித்து, கொழுக்கட்டைக்குக் கண் வைத்தாற்போல ஏதோ ஒன்று வந்து நிற்கும். நாம் அடிக்க வேண்டும், அது அடிக்கும், மறுபடி நாம் அடிக்க வேண்டும். கடைசியில் அதுதான் ஜெயிக்கும். இருபது தடவை செத்த பிறகு, கேமைத் தூக்கி ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டேன். மாமாவும் சிங்கப்பூர் திரும்பிவிட்டார்.

ஜூன் மாதம் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. அதற்கு முன்பும் திறக்காத வருடங்கள் உண்டு. ஆனால் எனக்கு நினைவு தெரிந்து, அப்பா வேலையில்லாமல் வீட்டிலேயே இருந்து நான் பார்த்த வருடம் அதுதான். எங்கள் ஊர் பூம்புகார் போகிற சாலையில், வாய்க்கால் போய் முடிகிற கடைமடை. போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் குறுவை இல்லை. குறுவை இல்லாவிட்டால் அப்பாவுக்கு வேலை இல்லை.

விடிவதற்குமுன் வயலுக்குக் கிளம்பிப் பழகியவர். என்ன செய்வதென்று தெரியாமல் முதல் வாரம் மண்வெட்டிக்கெல்லாம் புதுப்பிடி போட்டார். மாட்டுக்கொட்டகைக்குக் கீற்று மாற்றினார். இரண்டாம் வாரம் சைக்கிளை முழுதாகக் கழற்றி, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டினார். மூன்றாம் வாரம் துடைக்க வேறு எதுவும் மிச்சமில்லாமல் ஃபிரிட்ஜின் மேல்பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தார். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்ததால் கேமைக் கை நீட்டுகிற தூரத்தில் பிடித்திருந்தார்.

"பாப்பா, இவன் ஏன் நம்மள அடிக்கிறான்?"

"அவன் அப்படித்தாம்ப்பா. எல்லாரும் செத்துருவாங்க. சும்மா வேஸ்ட்டு."

"ஒம்போது பேர அடிச்சாச்சு. யாரும் சாவல."

எட்டிப் பார்த்தேன். அவர் ஊரைவிட்டுத் தூரமாகப் போகவேயில்லை. ஊர் எல்லையில் நான்கடி இப்படி, நான்கடி அப்படி என்று நடந்தார். கொழுக்கட்டை வந்தால் அடித்தார். அடிபட்டால் உடனே ஊருக்குள் போய்ச் சத்திரம் மாதிரி ஒரு வீட்டில் படுக்க வைத்து எழுப்பிக்கொண்டு வந்தார். எழுத்துதான் ஜப்பானிய மொழியே தவிர எண்கள் நம் எண்கள்தான். எந்த எண் குறைந்தால் ஆபத்து, எந்த எண் ஏறினால் பலம் என்று ஒரு பகலிலேயே கண்டுபிடித்துவைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிங்டிங் என்று ஒரு சின்ன இசை வந்தது. நான்கு பேருக்கும் ஓர் எண் கூடியது.

"பாத்தியா? ஏறுது" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தை, அவர் கதிர் பால் பிடித்திருக்கிறதா என்று நசுக்கிப் பார்க்கும்போதுதான் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நாங்கள் கூட்டு. பகலில் அவர் தனியாக எல்லையில் நின்று பலம் சேர்ப்பார். நான் வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு கொல்லைப்படிக்குப் போனால், வெளிச்சம் இருக்கும்வரை இருவரும் சேர்ந்து புது இடங்களுக்குப் போவோம். நான் வராமல் புது இடத்துக்கு அவர் போனதேயில்லை.

என் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் அப்பா அந்த நாட்டுக்குப் படம் வரைந்தார். வி.ஏ.ஓ. ஆபீசில் இருக்கும் புலப்படம் போலவே இருக்கும். எல்லைக்கோடு, வரப்பு, மரம், ஊர் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. எழுத்துகளை அடையாளம் வைப்பது என் பொறுப்பு. நாற்காலி கவிழ்ந்தாற்போல் எழுத்து வந்தால் மருந்து. இரண்டு தூண்டில் முள் அருகருகே இருந்தால், விளையாடிய இடத்தைக் கேசட்டில் பதிந்து வைப்பது. ஓர் இடத்தைத்தான் அதில் பதிய முடியும். புதிதாகப் பதிந்தால் பழையது போய்விடும். நான்கு பேருக்கும் நாங்களே பெயர் வைத்தோம்: கத்திக்காரன், பாவாடைக்காரி, கிழவர், மூட்டை. மூட்டை என்பவன் எப்போதும் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டிருந்தான். பாவாடைக்காரிதான் காயம் ஆற்றுகிறவள்.

அந்த நாட்டில் திரும்பின பக்கமெல்லாம் ஆறு ஓடியது. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "இவ்ளோ தண்ணி போவுது, ஒரு குழி நடவு இல்ல பாரேன். என்ன ஜனமோ" என்பார்.

ஒருமுறை மலைக்குகை ஒன்றுக்குள் வெகுதூரம் போன பிறகு பாவாடைக்காரி செத்துப்போனாள். பெயர் மங்கிவிட்டது. செத்தவர்களை எழுப்ப முதல் ஊரில் இருக்கும் கோயிலுக்குத்தான் போக வேண்டும். எனக்கு முன்னால் கதவு தெரிந்தது.

"விடுங்கப்பா, மூணு பேரோடயே போயிடலாம்."

"நாலு பேரா வந்துட்டு மூணு பேரா போவ முடியுமா?" என்று சொல்லித் திரும்பிவிட்டார். போய்வர நான்கு நாள் ஆயிற்று. நான்கு நாளும் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, டீ போட்டு, என்னிடம் கொடுத்தனுப்புவாள். "ஒங்கப்பாகிட்ட குடு. மத்த நாலு பேருக்கும் வேணுமான்னு கேட்டுட்டு வா" என்பாள். அதோடு சரி.

பெரியப்பா பார்த்தது ஆடிப்பெருக்கு கழிந்த மறுநாள். தண்ணீர் கேட்டுச் சாலை மறியல், வா என்று அப்பாவைக் கூப்பிட வந்தார். அப்பா தலையைத் தூக்காமல், "வாங்கண்ண, இப்பதான் தண்ணி பக்கம் வந்து சேந்தோம்" என்றார்.

பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார். "தண்ணி வந்துடுச்சா? எங்கடா? எனக்குச் சொல்லவே இல்ல?"

"இதுலண்ண. கப்பல் கெடச்சிருக்கு."

பெரியப்பா குனிந்து திரையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைத் தேடி அடுக்களைக்குப் போனார். டாக்டரைப் பற்றிய யோசனை அங்கேதான் பிறந்திருக்க வேண்டும். அப்பா என்னவோ மறியலுக்குப் போனார். எல்லோரையும் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் அனுப்பினார்கள். வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், இருந்த வெளிச்சத்தில் கால்மணி நேரம் கப்பல் ஓட்டினோம்.

அதற்கடுத்த வாரம் கோட்டையைக் கண்டுபிடித்தோம். நாட்டின் நட்டநடுவில், சுற்றிலும் அகழி, அதன்மேல் ஒரே ஒரு பாலம். பாலத்தின் இந்தக் கரையில் ஒரு காவல்காரன் நின்றான். அவனிடம் போய் நின்றால் ஐந்தாறு கட்டம் பேசினான். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. "இவ்ளோ நேரம் பேசுறான்னா எதுக்கோ தடுக்குறான்" என்றார் அப்பா. இதுதான் கடைசி இடம் என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

நான் மறுநாளே தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவோம் என்றும் சொல்லிவிட்டேன். அப்பா அவசரப்படவில்லை. லெவல் முப்பது ஆகட்டும் என்றார். முப்பது ஆனது. முப்பத்திரண்டு ஆனால் இன்னும் நல்லது என்றார். அதுவும் ஆனது. பிறகு, மருந்து போதாது என்று கப்பலை எடுத்துக்கொண்டு முதல் ஊருக்குப் போனார். போன இடத்தில் ஒவ்வொரு வீடாக நுழைந்து எல்லோரிடமும் நின்று பேசினார். ஏற்கெனவே முடித்த குகைக்குள் மறுபடி போய், ஏதாவது விட்டுவிட்டோமா என்று பார்த்தார். கடலோரத்தில் பயனில்லாத ஒரு தீவு இருந்தது. நான்கு மரமும் ஒரு பாறையும். அங்கே இறங்கி அதையும் ஒரு சுற்றுச் சுற்றி நோட்டில் வரைந்தார்.

"இங்க ஒண்ணுமே இல்லப்பா. வாங்க போவலாம்."

"இருக்கட்டும் பாப்பா. பாத்துட்டுப் போவோம்."

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. பக்கத்து இருக்கைப் பெண், உங்கள் வீட்டில் அப்படி ஒரு கேமே கிடையாது என்று வகுப்பில் சொல்லிவிட்டாள். நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா காலையிலேயே குளித்து, அம்மா தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, திருச்சியில் ஒரு வேலை இருக்கிறது என்று கிளம்பினார். பள்ளிக்கூடம் இல்லை. அம்மா பெரியம்மாவோடு எங்கோ போயிருந்தாள். மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு கொல்லைப்படிக்குப் போய் உட்கார்ந்தேன்.

சும்மா பாலம் வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்றுதான் எடுத்தேன். காவல்காரன் பேசினான். பேசி முடித்து விலகினான். நான்கு பேரும் பாலத்தைத் தாண்டியதும், பின்னால் பாலம் துண்டு துண்டாக அகழிக்குள் விழுந்தது. இதைத்தான் அவன் அத்தனை கட்டமாகச் சொல்லியிருக்கிறான். திரும்ப வழியில்லை.

உள்ளே ஐந்தடிக்கு ஒரு பூதம் வந்தது. எனக்கு அப்பா மாதிரி யாரை எப்போது தடுக்க வைப்பது, யாருக்கு எப்போது மருந்து கொடுப்பது என்று நிதானமாகச் செய்யத் தெரியாது. அப்பா ஒரு வாரமாகச் சேர்த்த மருந்தை அரைமணியில் தீர்த்தேன். பாவாடைக்காரியின் சக்தி எண் பூஜ்யத்துக்கு வந்தது. மூட்டை செத்தான். கிழவர் செத்தார். அப்போது ஓரத்தில் இருந்த சிவப்பு விளக்கு மங்கத் தொடங்கியது. செல் தீர்கிறது. அணைந்துபோனால் எல்லாமே போய்விடும் என்ற பயத்தில், தூண்டில் முள் இரண்டையும் தேடி அழுத்திப் பதிந்துவிட்டேன். அணைந்திருந்தால் அப்பா கடைசியாகப் பதிந்த இடம், பாலத்துக்கு இந்தப் பக்கம், அப்படியே பத்திரமாக இருந்திருக்கும். அது எனக்குப் பதிந்து முடித்த பிறகுதான் உறைத்தது.

அப்பா வரும்போது வெயில் இறங்கியிருந்தது. வழியிலேயே புதுச் செல் வாங்கி வந்திருந்தார். மாற்றிப் போட்டார். திரையைப் பார்த்தார். கையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார்.

"பாப்பா, நீ எடுத்தியா?"

"இல்லப்பா. செல் தீந்து போயிருந்துச்சு. அதுனால அதுவா மாறியிருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். சரி என்றார்.

மூன்று நாள் முயன்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் உயிரோடு, மருந்து இல்லாமல், சக்தி இல்லாமல், முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பத்தடி போவார், செத்துவிடும், மறுபடி பதிந்த இடத்திலிருந்து. ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது செய்து பார்த்தார். ஒருமுறை இருபது அடிவரை போனார். மூன்றாம் நாள் சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே அணைத்துவிட்டு, "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது பாப்பா" என்றார். கேமை நோட்டுக்குள் வைத்து, அதை மஞ்சள் பையில் சுற்றி பீரோவில் வைத்தார். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, சோறு போடும்போது அம்மா சொன்னாள். "ஒங்கப்பா சிங்கப்பூர் போறாங்க. மாமா வேல பாத்து வச்சிருக்கான்." அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் செய்த காரியத்தால்தான் போகிறார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. வீட்டில் செய்ய ஒரு வேலை இருந்தது. அதைக் கெடுத்தது நான்.

அடுத்த சனிக்கிழமை வேன் வந்தது. பெரியப்பாவும் ஏறிக்கொண்டார். அம்மா அழவில்லை, ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்கிறதா என்று மூன்று தடவை பையைத் திறந்து பார்த்தாள். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தாண்டுனது நீதான?"

தலையை ஆட்டினேன்.

"சொல்லியிருக்கலாம்ல. சரி, வுடு. எப்படியும் தாண்டித்தான் ஆவணும்." என் தலையில் கையை வைத்து ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு வேனில் ஏறினார்.

அவர் போன பிறகு கேமை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஊர் எல்லையில் நான்கடி இப்படி, நான்கடி அப்படி. அவர் திரும்பி வருவதற்குள் பழையபடி பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்று திட்டம். பொங்கல்வரை விளையாடி, கப்பல் கிடைக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். ஒருநாள் போட்டால் எல்லாம் அழிந்திருந்தது. கேசட்டுக்கு உள்ளேயே ஒரு குட்டி பேட்டரி உண்டு, அது தீர்ந்தால் எதையும் பதிய முடியாது என்று மாமா போனில் சொன்னார். இரண்டு வருடம் கழித்து அப்பா விடுமுறையில் வந்தபோது அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்போது எங்கள் வயலைப் பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, போன வருடம், அம்மாவும் நானும் ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. என்னால்தான் அப்பா சிங்கப்பூர் போனார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஒன்னாலயா? அவரு ஜூன்லயே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுட்டாரு. ஆடி முடியறதுக்குள்ள பேப்பர் வந்துடுச்சு. திருச்சியில மெடிக்கல் மட்டுந்தான் பாக்கி. ஒடனே வாங்கன்னு ஒங்க மாமன் போன்ல கத்துறான். இவரு, இன்னும் ஒரு மாசம் ஆவும், இங்க ஒரு வேல இருக்குன்னுட்டாரு. என்ன வேலன்னு கேட்டா சொல்லல. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னாரு. நீ காலாண்டுப் பரீட்ச எழுதி முடிக்கட்டும்னு நெனச்சாரு போலருக்கு. அப்புறம் பாத்தா, பரீட்சைக்கு முன்னாடியே, டிக்கெட்டப் போடச் சொல்லுன்னு அவரே போன் பண்ணிட்டாரு. அது ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

அந்தத் தீவில் இறங்கி நான்கு மரங்களைச் சுற்றி வந்தபோது, சீக்கிரம் வாங்கப்பா என்று அவர் கையை இழுத்தேன். அவர் எதற்காகச் சுற்றினார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவிடம் நாள் கேட்டுக் கணக்குப் போட்டால், மாமாவிடம் கேட்டு வாங்கிய ஒரு மாதத்தில் அன்று எட்டாம் நாள். ஒன்பதாம் நாள் நான் பாலத்தைத் தாண்டினேன்.